வெயில் கணக்கு

செயற்கைக்கோள் ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால், கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. அது இப்போது நம் வானத்தில்தான் இருக்கிறதா? என் ஆண்டெனா அதன் பக்கம்தான் திரும்பியிருக்கிறதா? அலைவரிசை நகர்ந்துவிட்டதா? அது வெயிலில் இருக்கிறதா, பூமியின் நிழலில் இருக்கிறதா? அதற்குள் மின்சாரம் மிச்சம் இருக்கிறதா? முதல் மூன்றும் நம் பக்கத்துக் கேள்விகள். கடைசி இரண்டும் அதன் பக்கத்துக் கேள்விகள்.

பதினைந்து வருடங்களுக்கும் மேலாக நான் ஹாம் ரேடியோவில் இருக்கிறேன். எங்கள் குழுவில் ஓர் ஆண் "சிக்னல் நின்றுவிட்டது" என்று சொன்னால் பேச்சு நான்காவது கேள்வியிலிருந்து தொடங்கும். "ஷேடோவுக்குள்ள போயிருக்கும் ஓ.எம்." என்பார்கள். அதையே நான் சொன்னால் இரண்டாவது கேள்வியைத் தாண்டாது. "ஆண்டெனாவைச் சரியாப் பிடிச்சீங்களா மேடம்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். எனக்குக் கேபிள் கொடுத்தவர்கள், கனெக்டர் வைக்கச் சொல்லித் தந்தவர்கள். ஆனாலும் ஆண் சொன்னால் பழுது வானத்தில் இருக்கிறது. பெண் சொன்னால் பழுது அவள் கையில் இருக்கிறது.

'ஓ.எம்.' என்றால் 'ஓல்ட் மேன்'. பதினாறு வயதுப் பையனும் ஓ.எம்.தான், எண்பது வயதுத் தாத்தாவும் ஓ.எம்.தான். பெண்ணாக இருந்தால் 'ஒய்.எல்.', அதாவது 'யங் லேடி'. மனைவி என்றால் 'எக்ஸ்.ஒய்.எல்.', முன்னாள் இளம்பெண். தந்திக் காலத்துச் சுருக்கெழுத்துகள் இவை, இன்றைக்கும் புழங்குகின்றன. தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, என் பெயரில் ஓர் அழைப்புக்குறி பெற்ற பிறகும், முதல் முறை பேசும் பலர் என்னிடம் கேட்பது, "உங்க சார் ஹாமா?" என் கணவருக்கு எஃப்.எம். ரேடியோவில் பாட்டுக் கேட்கப் பிடிக்கும். அவ்வளவுதான்.

ஒரு பழுதை எங்கே தேடுகிறோம் என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் இல்லை என்பதை எனக்குச் செயற்கைக்கோள்கள்தான் புரியவைத்தன. அதைச் சொல்ல, அவற்றின் மின்சாரக் கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஹாம்கள் தாங்களே செய்த முதல் செயற்கைக்கோளான ஆஸ்கர் 1, 1961 டிசம்பரில் வானேறியது. அதில் சூரியத் தகடு கிடையாது. வெறும் பேட்டரி, மூன்று வாரம் 'ஹாய்' என்று மோர்ஸில் சொல்லிவிட்டு முடிந்துபோனது. பிறகு வந்தவற்றில் சூரியத் தகடும், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் பேட்டரியும் வந்தன. அன்றிலிருந்து இன்றுவரை ஹாம் செயற்கைக்கோள்கள் பலவற்றுக்கு முடிவு கட்டியது பேட்டரிதான். நம் இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் அனுப்பிய ஹாம்சாட், ஹாம்கள் மொழியில் வி.ஓ.52, ஒன்பது வருடம் உழைத்தது. 2014 ஜூலையில் அதன் லித்தியம் அயான் பேட்டரி செயலிழந்ததும் அதன் வேலையும் நின்றது. நான் வானத்தின் வழியாகப் பேசக் கற்றுக்கொண்டது அதில்தான். ஒரு கையில் வாக்கிடாக்கி, மறு கையில் பிவிசி பைப்பில் ஸ்டீல் டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த யாகி ஆண்டெனா. மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஒவ்வொரு கடவையிலும் பத்து, பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும்.

அந்த நாட்களில்தான் தமிழ்நாட்டில் பெரும் மின்வெட்டு. 2012இல் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் வைத்திருந்தோம். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்ற அட்டவணை அத்தையின் தலைக்குள் இருந்தது. கிரைண்டர் எந்த மணிக்கு, மோட்டார் எந்த மணிக்கு, பிள்ளையின் படிப்புக்கு எந்த விளக்கு, எல்லாம் அவர் கணக்கு. பொறியியல் மொழியில் இதற்குப் பெயர் மின்சக்தி மேலாண்மை. அத்தை அதை "பார்த்துச் செலவு பண்றது" என்பார். ஒரு நாள் இன்வெர்ட்டர் அரை மணி நேரத்திலேயே கீச்சிட்டு அணைந்தது. மாமா கூடத்திலிருந்தே கேட்டார்: "யாரு மிக்ஸி போட்டது?"

யாரும் போடவில்லை. நான் பேட்டரியின் மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தகடுகள் காய்ந்து தெரிந்தன. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வேலை வீட்டு ஆண்களுடையது என்று ஒதுக்கப்பட்டிருந்ததால் அத்தையின் அட்டவணையில் அது இல்லை. ஆனால் அணைந்தவுடன் முதல் சந்தேகம் அடுக்களை மேல்தான் விழுந்தது. நான் ஊற்றினேன். அதன் பிறகு அந்த வேலையும் எங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வி.ஓ.52 போன பிறகு நான் அதிகம் கேட்டது ஏ.ஓ.7. 1974 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் வாண்டன்பர்க்கிலிருந்து ஏவப்பட்டது. சுமார் 29 கிலோ எடை. ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் உயரம். நான் பிறப்பதற்கு முன்பே போனது. அதன் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் 1981இல் செல்கள் ஷார்ட் ஆயின. தகடுகள் தரும் மின்சாரம் முழுவதும் அந்த ஷார்ட் வழியாகவே ஓட, மற்ற எதற்கும் மின்னழுத்தம் இல்லாமல் செயற்கைக்கோள் ஊமையானது. இறந்துவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

2002 ஜூன் 21 அன்று, இங்கிலாந்தில் பாட் கோவன் என்ற ஹாம் ஒரு மோர்ஸ் ஒலியைக் கேட்டார். வேறு எதனுடையதும் அல்ல, ஏ.ஓ.7தான். நடந்தது இதுவாக இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்களே விளக்கினார்கள்: ஷார்ட் ஆகியிருந்த செல்களில் ஒன்று, இத்தனை வருடம் கழித்து உள்ளுக்குள் அறுந்துவிட்டது. மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்த பாதை மூடிக்கொண்டது. அதனால் சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிகளுக்குப் போகத் தொடங்கியது. இருபத்தொரு வருடம் அதன் தகடுகள் வேலை செய்துகொண்டேதான் இருந்தன. வந்ததை எல்லாம் ஒரு ஷார்ட் குடித்துக்கொண்டிருந்தது.

தொடராக இணைத்த செல்களில் நடக்கும் ஒரு விஷயத்தை வகுப்பில் நான் மாணவிகளுக்குக் கட்டாயம் சொல்வேன். எல்லா செல்லும் ஒரே அளவு கொள்ளாது. ஒன்று சற்றுக் குறைவாகப் பிடிக்கும். பேட்டரியை அடிமட்டம் வரை வடித்தால் அந்த ஒன்று முதலில் காலியாகும். ஆனால் மற்ற செல்கள் தள்ளும் மின்னோட்டம் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் நேர்முனை எதிர்முனையாகப் புரளும், அது கெடும். பிறகு பிரித்துப் பார்ப்பவர் அந்தச் செல்லைக் காட்டி, "இதுதான் வீக்" என்பார். கெட்டது அதுதான், சரி. அடிமட்டம் வரை வடித்தது யார் என்பது வேறு கேள்வி.

இப்போது ஏ.ஓ.7இல் பயன்படும் பேட்டரி இல்லை. வெயில் உள்ளவரை பேச்சு. நிழல் தொட்ட நொடியில், பீக்கன் அனுப்பும் மோர்ஸ் எண் பாதியிலேயே அறுந்துபோகும். கணினி சொல்லும் நிழல் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறுப்பைக் கேட்பது எனக்குப் பிடித்த வேலை. வருடத்தில் சில காலம் அது நிழலுக்குள்ளேயே போகாது. அப்போது அதற்குள் இருக்கும் 24 மணி நேரக் கடிகாரம் இரண்டு வேலைமுறைகளை மாற்றி மாற்றி இயக்கும்: ஒன்றில் 145 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 29இல் பேசும், மற்றதில் 432இல் கேட்டு 145இல் பேசும். நிழலுக்குள் போய் வந்தால் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே இன்று எந்த முறையில் இருக்கிறது, எப்போது மாறியது என்று குறித்து வைத்தாலே, அதற்கு இடையில் மின்சாரம் அறுந்ததா இல்லையா என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். தொட முடியாத ஒன்றின் நாடியைப் பார்ப்பது இப்படித்தான்.

அதன் டிரான்ஸ்பாண்டர் ஒரு பொதுக் குழாய் மாதிரி. பலர் ஒரே நேரத்தில் பேசலாம். ஆனால் இருக்கும் மின்சாரத்தை எல்லாரும் பங்கு போட வேண்டும். தரையிலிருந்து ஒருவர் அதிக வாட்டில் கத்தினால் பங்கில் பெரும்பகுதி அவருக்குப் போகும். மற்றவர்கள் குரல் அமுங்கும். இன்னும் கத்தினால் மின்னழுத்தமே சரியும். அப்போது எல்லாருடைய குரலும் நீருக்குள் பேசுவதுபோல அலையும். இப்படிக் கத்துபவர்களை ஹாம்கள் 'முதலை' என்பார்கள். வாய் பெரிது, காது சிறிது. தன் குரல் திரும்பி வருவது அவர்களுக்குக் கேட்பதில்லை. கேட்கும் கருவியைச் சரிசெய்வதற்குப் பதிலாக அனுப்பும் சக்தியைக் கூட்டுவார்கள்.

ஒரு மார்ச் மாதம் எங்கள் பக்கத்துக் கடவைகளில் இந்த அலைவு திரும்பத் திரும்ப வந்தது. குழுவில் "கிழட்டு சாட்டிலைட், தகடு போயிருக்கும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் ஒன்பது கடவைகளைக் கணினியில் பதிவு செய்தேன். திரையில் ஒவ்வொரு நிலையமும் ஒரு கோடாக ஓடும். ஒரு குறிப்பிட்ட கோடு தடித்துத் தோன்றும்போதெல்லாம் மற்றக் கோடுகள் எல்லாம் ஒன்றாக நெளிந்தன. அது நின்றால் இவையும் நேராயின. பெயர் போடாமல் படத்தை மட்டும் குழுவில் போட்டேன். "அது டாப்ளர் மேடம்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். டாப்ளர் ஒரே திசையில் சீராக நகர்த்தும். அடுத்தவர் அடிக்கும் புள்ளிக்கும் கோட்டுக்கும் தாளம் போடாது என்று பதில் எழுதினேன். மூன்று நாள் கழித்து வேறு ஊர்த் தம்பி ஒருவர் அதே மாதிரி ஒரு படம் போட்டார். "சூப்பர் அனாலிசிஸ் ஓ.எம்." என்று பன்னிரண்டு பேர் பாராட்டினார்கள். அந்தத் தம்பி, "அக்கா போட்டதைப் பார்த்துத்தான் செஞ்சேன்" என்று எழுதியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தடித்த கோட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பொறியாளர். எனக்கு மோர்ஸ் பழக உதவியவர். அவரே ஃபோன் செய்தார். "நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா, நானே குறைச்சிருப்பேன்."

"சொன்னேன் சார், போன மாசம். நீங்க என் ரிசீவர்ல பிரச்சனைன்னு சொன்னீங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எவ்வளவு வாட் போடறே நீ?" என்று கேட்டார். ஐந்து என்றேன். அடுத்த வாரம் அவர் பத்துக்கு இறங்கினார். கோடுகள் நேராயின. கிழட்டுச் செயற்கைக்கோளின் தகடுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

பெண்களுக்குப் பொறுமையாகக் கேட்கும் குணம் பிறவியிலேயே உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகழ்ச்சி நம்மை மறுபடி மூலையில் உட்கார வைக்கும். என் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து வாங்க முடிந்தது ஐந்து வாட் கருவி. ஐந்து வாட்டில் பேசுபவள் நன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நூறு வாட் உள்ளவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழுது முதலில் யார் காதில் விழுகிறது என்பதற்கு இதுதான் காரணம், குணம் அல்ல.

2017 நவம்பரில் போன ஏ.ஓ.91 இன்னொரு பாடம். பத்து சென்டிமீட்டர் கனசதுரம். ஒரு பெரிய லட்டு டப்பா அளவு. அதன் ஒரு முகத்தில் விழும் வெயில் 13 வாட்டுக்குச் சற்று மேல். தகட்டின் செல்கள் முழு முகத்தையும் மூடுவதில்லை. விழுந்ததிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாகும். கையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று வாட். பூஜை அறையில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்புக்குப் போதுமான மின்சாரத்தில் அது கேட்கவும் பேசவும் தன்னைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். பூமியின் நிழலில் இருக்கும் நேரத்துக்கும் அதிலிருந்தே சேமிக்க வேண்டும். பேச்சுக்கு அடியில், காதுக்குப் புலப்படாத மெல்லிய அதிர்வாக அது தன் நிலையையும் சொல்லிக்கொண்டே போகும். கணினியில் அதற்கான மென்பொருள் இருந்தால் பேட்டரியின் மின்னழுத்தத்தை நாம் வாசிக்கலாம்.

நான் வாசித்தேன். பேட்டரி தளரத் தளர, நிழலில் ஒவ்வொரு அழைப்புக்கும் மின்னழுத்தம் சரிந்தது. செயற்கைக்கோள் நிழலில் இருக்கும்போது தயவுசெய்து அழைக்காதீர்கள் என்று அதை இயக்கும் ஆம்சாட் அமைப்பும் கேட்டுக்கொண்டது. ஆனால் வேலை முடிந்து வரும் ஆண்களுக்கு மாடிக்குப் போக வசதியான நேரம் இரவுதான். "நாலு பேர் பேசினா என்ன ஆகிடும்" என்றார்கள். எனக்கோ இரவு மாடி எளிதில்லை. எதிர்வீட்டார் பார்ப்பார்கள்; கைப்பிடிச்சுவர் ஓரம் ஆண்டெனாவோடு இருட்டில் நிற்கும் பெண்ணைப் பற்றி அத்தையிடம் ஏற்கெனவே விசாரித்தும் இருந்தார்கள். பகல் கடவைகள் எனக்குக் கல்லூரியில் வகுப்பு நேரம். ஆக, நாளெல்லாம் எனக்குக் கிடைக்காத ஒன்றை, இரவில் மற்றவர்கள் வீணாக்குவதை எண்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் அந்த எண்களைக் குழுவில் போட்டேன். "மேடம் ரேஷன் கடை நடத்தறாங்க" என்று ஒரு கேலி வந்தது. ரேஷன் கடை இல்லாமல் இந்த ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று திருப்பிக் கேட்டேன். சிலர் இரவில் அழைப்பதை நிறுத்தினார்கள். சிலர் நிறுத்தவில்லை.

எங்கள் துறையில் பெண்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, ஹாம் ரேடியோ இயக்குவதற்காகக் குழுவோடு அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத்தான் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். 2022 ஆகஸ்டில் 750 அரசுப் பள்ளி மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா வழியாக எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் போனது. அதிலும் ஹாம் ரேடியோ கருவி இருந்தது. ராக்கெட் அதை நிலைக்காத பாதையில் விட்டதால் பயனில்லாமல் போயிற்று. மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொம்பளைப் பிள்ளைங்க செஞ்சதுல்ல."

நான் இஸ்ரோவின் அறிக்கையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பழுது ராக்கெட்டில், ஒரு சென்சார் தவறுவதைக் கண்டுபிடிக்க வேண்டிய தர்க்கத்தில். பிள்ளைகள் சாலிடர் செய்த பலகைகளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் இரண்டாவது ஆசாதிசாட் சரியான பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி அந்த மேசையிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

என் மாணவிகள் கேட்கிறார்கள்: ஆரம்பிக்க என்ன வேண்டும் மிஸ்? ஒரு ஸ்டீல் டேப், பிவிசி பைப், ஒரு சிறிய ரிசீவர், கடவை நேரம் சொல்லும் செயலி. கூடவே ஒரு நோட்டு. அதில் ஐந்து பத்தி போடச் சொல்கிறேன்: நேரம், வெயிலா நிழலா, கேட்டது என்ன, அந்த நேரத்தில் யார் யார் பேசினார்கள், எப்போது நின்றது. போன பருவத்தில் ஒரு பெண் வந்து, வீட்டில் இன்வெர்ட்டருக்கும் இதேபோல் ஒரு நோட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். யார் மிக்ஸி போட்டது என்று அப்பா கேட்டால் காட்டுவதற்காம். நான்காவது பத்தியில் அவள் அண்ணனின் கேமிங் கம்ப்யூட்டர் பதினேழு முறை வந்திருந்தது.